பழி ஓரிடம், பிழை ஓரிடம்

கணினிக்குக் கேடு நேருந்தோறும் பயன்படுத்தியவனின் அறியாமையையே பழிப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. தலவில அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்திலே கள்வனும் யாத்திரிகர் கோலத்தில் வரக்கூடும். அவ்வாறே பயனுள்ள மென்பொருளாய் வேடமிட்டு நுழைவது ட்ரோஜன். பிற கோப்புகளில் ஒட்டிப் பரவுவது வைரஸ். வலையமைப்பின் வழியே தானாகப் பரவுவது புழு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கோருவது கப்ப மென்பொருள். இவற்றை அறியாதவன் ஏமாறுவான் என்பது உண்மையே.

ஆயின், அறிந்தோர் செய்தது என்ன? 2023 ஆகஸ்ட்டில் கப்ப மென்பொருள் இலங்கை அரசின் மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அங்கு இயங்கியதோ, தயாரித்த நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதியும் எஞ்சவில்லை. இதற்கும் தலவில மீனவனின் அறியாமையா காரணம்?

ஐயத்துக்குரிய இணைப்பைத் திறவாதிருத்தல் நம் கடமை; மறுப்பாரில்லை. மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தலும், வலையமைப்போடு இணையாத சேமிப்பிலே பிரதியெடுத்து வைத்தலும் நமக்கும் அரசுக்கும் பொதுவான கடமைகள். அவற்றைத் தாம் செய்யாதோர் நமக்கு அறிவுரை கூற முன்வருதல் முறையாகுமா?