மெமரி கார்டு: வேகமாவது வெங்காயமாவது

எங்க ஆபீஸ்ல புதுசா கேமரா வாங்கற மக்கள் லென்ஸ் பத்திக்கூட அப்புறம்தான் கேக்கறாங்க. முதல் கேள்வியே "எந்த கார்டு செம ஸ்பீடு பாஸ்?"தான். 170, 200னு பெருசா அச்சடிச்ச கார்டை கோட்டி வரைக்கும் போய்த் தேடி வாங்கிட்டு வந்து காட்டுவாங்க. ஹைதராபாத்ல பொட்டி தட்டற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல நிறைய பேருக்கு இந்த வியாதி இருக்கு. இது வெட்டிச் செலவுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கோவப்படறவங்க முழுசா படிச்சுட்டுக் கோவப்படுங்க :-)

முதல்ல அந்த 170. அது படிக்கற வேகம். அதாவது கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகற வேகம், அதுவும் "அதிகபட்சம்". ஆனா நீங்க பட்டனை அமுக்கும்போது கேமரா செய்யறது எழுதற வேலை. அதுக்கு நம்பர் வேற. இன்னொரு கூத்தும் இருக்கு. பின்னாடி ஒத்தை வரிசைப் பின் இருக்கற யூஹெச்எஸ்-1 கார்டுக்கான விதிப்படி, அந்தப் பாதையே நொடிக்கு 104 எம்பிக்கு மேல போகாது. 170 வேணும்னா அதுக்குத் தோதான தனி ரீடர் வாங்கணும். வாங்கினாலும் என்ன லாபம்? காப்பி ஆகறப்போ நாலு நிமிஷம் மிச்சம். அந்த நேரத்துல ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்.

பார்க்க வேண்டியது பொடி எழுத்துல இருக்கற 'வி30'. என்ன ஆனாலும் நொடிக்கு 30 எம்பிக்குக் குறைஞ்சு எழுத மாட்டேன்னு கார்டு குடுக்கற வாக்கு அது. இப்ப கணக்கைப் பாருங்க. சாதாரணமா ஒரு கேமராவுல 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட். மெகாபிட், மெகாபைட் இல்ல (கடைக்காரர் குழப்பற இடமே இதுதான்). எட்டால வகுத்தா பன்னிரண்டரை எம்பி. வி30 கார்டு அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல தாங்கும். 64 ஜிபி கார்டுல கிட்டத்தட்ட ஒண்ணேகால் மணி நேரம் எடுக்கலாம். உங்க பொண்ணு ஆண்டு விழா டான்ஸ் அவ்வளவு நேரமா ஆடப் போறா?

வேகமான கார்டு யாருக்குமே வேணாம்னு சொல்லலை. அமீன்பூர் ஏரியில மீன்கொத்தி பாயறதை ராவுல தொடர்ச்சியா சுடறவர், 8கே எடுக்கற கல்யாண வீடியோக்காரர், இவங்களுக்கு வி60, வி90 நியாயம். அதுக்குக் கேமராவுலயும் ரெண்டு வரிசைப் பின் ஸ்லாட் இருக்கணும். நாம எடுக்கறது கேக் வெட்டறதும் ஊருக்குப் போனா கோயிலும்தானே?

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு தஞ்சாவூர்க்காரர். அப்பாவோட சதாபிஷேகத்துக்கு ஊருக்குப் போய் அத்தனையும் படம் எடுத்தார். 128 ஜிபி, நல்ல கம்பெனி, ஒரிஜினல், வேகமும் ஒஸ்திதான். "இடம்தான் நிறைய இருக்கே"ன்னு கார்டு கேமராவுக்குள்ளயே இருந்தது. அடுத்த தை மாசம் அப்பா தவறிட்டார். மாலை போட ஒரு படம் வேணும்னு கார்டை எடுத்துச் சொருகினா, "ஃபார்மட் பண்ணவா?"ன்னு கேக்குது. ரெக்கவரி சாப்ட்வேரும் கையை விரிச்சுது. கடைசியில ஆதார் கார்டுல இருந்த படத்தைப் பெருசாக்கித்தான் ஃப்ரேம் போட்டாங்க. அந்த வீட்டுக் கூடத்துல இப்பவும் அதுதான் தொங்குது.

கார்டுங்கறது படத்தை வீட்டுக்குக் கொண்டு வர்ற பை. காய்கறிப் பையிலயே யாராவது வருஷக்கணக்கா காய் வெப்பாங்களா? ஃபிளாஷ் சிப்புல மின்னூட்டமாத்தான் தகவல் நிக்குது. சும்மா போட்டு வெச்சா அதுவும் வருஷம் போகப் போகக் கசியும்.

(போலி கார்டு தனிக் கதை. 512னு எழுதியிருக்கும், உள்ள சிப்பு எட்டுதான். எட்டு தாண்டினா பழசு மேலயே புதுசை எழுதும், கேமரா வாயே திறக்காது. வாங்கின அன்னிக்கே ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கற இலவச புரோகிராமை ஓட்டி முழுசா நிரப்பிப் பாருங்க.)

ராஜா தீன் தயாள்னு ஆறாவது நிஜாமோட புகைப்படக்காரர் இதே ஊர்ல இருந்தார். அவர் காலத்துல கண்ணாடி நெகடிவ். கீழ விழுந்தா சுக்குநூறு. அவர் இறந்தது 1905ல. 1989ல டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவர் குடும்பத்துக்கிட்ட இருந்து 2,857 நெகடிவ் வாங்கினாங்க. எண்பத்து நாலு வருஷம் யாரோ அதைப் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க. நம்மால ஒரு சதாபிஷேகத்தை ஒரு வருஷம் காப்பாத்த முடியலை.

"கூகுள்ல இருக்கே"ம்பீங்க. அங்க கணக்கில்லாம இலவசம்ங்கறது 2021 ஜூன் 1ஓட முடிஞ்சு போச்சு. இப்ப மெயிலோட சேத்து 15 ஜிபிதான். ரெண்டு வருஷம் தொடாத கணக்கை அவங்க அழிக்கவும் செய்யலாம். மூணாவது காப்பியா இருக்கட்டும், தப்பில்ல. அதையே ஒரே காப்பியா நம்பாதீங்க.

அதனால 200 கார்டுக்குக் குடுக்க இருந்த காசுல சாதாரண வி30, 64 ஜிபி ரெண்டு வாங்குங்க. மிச்சத்தோட கொஞ்சம் சேத்துப் போட்டு ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ரெண்டுலயும் காப்பி ஆகி, ரெண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் பண்ணணும்.

ரெண்டு டிஸ்க்கையும் ஒரே பீரோவுல வெச்சா ஒரு டிஸ்க் வெச்ச மாதிரிதான். திருடன் ரெண்டையும் தூக்குவான், வெள்ளமும் ரெண்டையும் நனைக்கும். 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கிச்சு. 2020 அக்டோபர்ல ஹைதராபாத்ல காலனி காலனியா தண்ணி நின்னுச்சு. ரெண்டு ஊரும் ஒரே நாள்ல மூழ்கலை, கவனிச்சீங்களா? புலம்பெயர்ந்தவனுக்கு ரெண்டு வீடு. இங்க வாடகை வீடு, அங்க அப்பா அம்மா வீடு. கம்பெனிகள் லட்சக்கணக்குல செலவு பண்ணி வேற ஊர்ல காப்பி வெக்கறாங்க. நமக்கு அம்மாவோட பீரோ இருக்கு, வாடகை இல்லாம.

பொங்கலுக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறும்போது புது டிஸ்க்கைத் துணிக்கு நடுவுல சுத்தி எடுத்துட்டுப் போங்க. அங்க இருக்கற பழசை எடுத்துட்டு வந்து, இந்த வருஷப் படத்தை ஏத்தி, அடுத்த தடவை மாத்துங்க. ஊறுகாய் பாட்டில் பக்கத்துல மட்டும் வெக்காதீங்க.