ஞாபகமிருக்கு!

கோழியின் நெஞ்சுக்கு முன்னால், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஓர் எலும்பு உண்டு. நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கறிக்கடையில் குழம்புக்கென்று சின்னச் சின்னதாக வெட்டிவிடுவதால், அது முழுசாக நம் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. நமக்குத் தோள்பக்கம் இருக்கிற இரண்டு காறை எலும்புகள்தான், பறவைகளுக்கு அடியில் ஒட்டி ஒன்றாகிவிட்டன.

பி.காம். படித்த என்னை இழுத்தது எலும்பு அல்ல, அதன் பெயர்கள். லத்தீனில் ஃபர்குலா, அதாவது குட்டி முள்கரண்டி. பழைய இங்கிலீஷில் 'மெர்ரிதாட்', குஷியான நினைப்பு! இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். பெரிய துண்டு யாருக்கோ அவருக்கு முதலில் கல்யாணம். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதுவே 'விஷ்போன்' ஆயிற்று. பெரிய துண்டு கிடைத்தவர் நினைத்தது நடக்கும். கல்யாணத்துக்கு அப்புறமும் ஆசைப்பட ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

பறவைக்கு அதனால் என்ன பயன்? 1988-ல், நம் மைனாவுக்குச் சொந்தமான ஸ்டார்லிங்கைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இறக்கை கீழே அடிக்கும்போது எலும்பு விரிகிறது, மேலே போகும்போது சுருங்குகிறது. அசல் ஸ்பிரிங்!

இன்னொரு கூத்தும் உண்டு. டென்மார்க்கின் கெர்ஹார்ட் ஹைல்மன் 1926-ல் வெளியிட்ட புத்தகத்தில், பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் எல்லாம் பொருந்துகிறது, ஆனால் டைனோசருக்குக் காறை எலும்பு இல்லையே, அதனால் அது பறவைக்கு மூதாதை ஆகாது என்று தீர்ப்பளித்தார். பல வருஷம் அதுவே சட்டம். ஆனால் 1924-ல் விவரிக்கப்பட்ட ஓவிராப்டரிலேயே அந்த எலும்பு இருந்தது. வேறு எலும்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில், தப்பான கணக்கில் என்ட்ரி! டைரனோசரஸுக்குக்கூட அது உண்டு என்று பிற்பாடு தெரிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது துருக்கிக்காரர்களின் பெயர்: லாதெஸ் எலும்பு. 'நினைவிருக்கிறது' என்ற பாரசீகச் சொற்களிலிருந்து வந்தது. அங்கேயும் ஈரானிலும் எலும்பை ஒடிப்பது ஆட்டத்தின் ஆரம்பம்தான். இரண்டு பேரும் பந்தயம் கட்டுவார்கள். அதற்கப்புறம் எதிராளி எதைக் கொடுத்தாலும், வாங்கும்போது 'ஞாபகமிருக்கு' என்று சொல்ல வேண்டும். மறந்து வாங்கினால் அவுட். நாள்கணக்கில் போகும்.

போன மாதம் ஒரு முழுக்கோழி வாங்கி, அப்பாவோடு இதை ஆடினேன். அவருக்கு எழுபத்திரண்டு. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதைப் பொருட்படுத்தவில்லை. இருபது வருஷப் பழக்கமான எதிர்வீட்டுக்காரரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டதை அப்படி விட முடியவில்லை.

"நீங்க தோத்தா தினமும் வாக்கிங் போகணும். நான் தோத்தா கால் கிலோ மைசூர்பாகு."

"ரெண்டும் உனக்கே லாபமா வெச்சிருக்கியேடா" என்றார். மைசூர்பாகில் முக்கால்வாசி நான்தான் தின்பேன் என்று அவருக்குத் தெரியும்.

எலும்பை ஒடித்தோம். மாத்திரை கொடுத்தேன். "ஞாபகமிருக்கு." காபி கொடுத்தேன். "ஞாபகமிருக்கு." இரண்டு முறை மறந்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை, "இந்த நியூஸைப் பாரேன்" என்று பேப்பரை நீட்டினார். வாங்கி, தலைப்பு வரைக்கும் படித்துவிட்டேன்.

"டேய், தோத்துட்டே!"

தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

சாயங்காலம் மைசூர்பாகு டப்பாவைக் கையில் கொடுத்தேன்.

"ஞாபகமிருக்கு."

எனக்குப் பக்கென்றது. "ஆட்டம் காலையிலேயே முடிஞ்சிடுச்சுப்பா..."

"அதுவும் ஞாபகமிருக்கு" என்றார்.

டாக்டருக்குப் பயந்து, மிச்சத்தைப் பீரோவின் மேல்தட்டில், போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் டப்பா காலி. அந்த இடமும் ஞாபகமிருந்திருக்கிறது.