எதை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது?



பேரன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மேட்லாபில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்களை இணைக்கும் பாடம். ஜி என்பது 1/(எஸ்+1). பின்னூட்டம் 1. புத்தகச் சூத்திரம் ஜி/(1+ஜி)-யை அப்படியே தட்டினான். (எஸ்+1)/(எஸ்²+3எஸ்+2) என்று வந்தது.

பத்தாம் வகுப்பு விகிதமுறு கோவைதான் இது! பகுதியைக் காரணிப்படுத்தினால் (எஸ்+1)(எஸ்+2). மேலும் கீழும் உள்ள எஸ்+1-ஐ அடித்தால் 1/(எஸ்+2). மென்பொருள் தானாக அடிக்காது. ஒருபடி அமைப்பு இருபடியாக நிற்கிறது. நாலைந்து பெட்டிகளை இப்படி இணைத்தால் படி ஏறிக்கொண்டே போகும், விடையின் துல்லியமும் கெடும். 'ஃபீட்பேக்' கட்டளை கொடுத்திருந்தால் சுருங்கிய விடையே வந்திருக்கும். 'மின்ரியல்' என்றொரு கட்டளையும் உண்டு, பொதுக் காரணியை நீக்கித் தரும்.

"இனிமேல் எல்லாத்துக்கும் மின்ரியல் போட்டுடுறேன் தாத்தா" என்றான். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கட்டுப்படுத்தி (எஸ்−1)/(எஸ்+2), அதையடுத்து எந்திரம் 1/(எஸ்−1) என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி அடித்தால் தாளில் சமர்த்தாக 1/(எஸ்+2). ஆனால் எஸ்=1 நிலையற்ற துருவம். எந்திரத்தில் சிறு இடையூறு நேர்ந்தாலும் அது வளர்ந்துகொண்டே போகும். நாம் அடித்தது தாளில் மட்டும்தான். எஸ்+1-ஐ அடித்ததில் இந்த ஆபத்து இல்லை.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் கணினியைத் திறக்குமுன் ஒரு கணக்கையாவது கையால் போடச் சொல்லுங்கள். எதை அடித்தாய், ஏன் அடித்தாய் என்று பக்கத்திலேயே எழுதட்டும். அதற்குத் தனியாக இரண்டு மதிப்பெண் கொடுங்கள்.