சப்பாத்தின் அடியில் யாருடைய பால்?

பல ஆண்டுகளுக்கு முன், மொனராகலையின் இறப்பர்த் தோட்டமொன்றில், பால் வெட்டும் பெரியவர் ஒருவரோடு விடியலில் நடந்தேன். வெயில் ஏறினால் பாலோட்டம் குறையும். ஆகவே இருள் பிரியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அவர் வெறுங்காலோடு சரிவில் ஏறினார். இலண்டன் நண்பர் அனுப்பிய சப்பாத்தோடு நான் வழுக்கி வழுக்கிப் பின்தொடர்ந்தேன். லயத்து வாசலில் அதைக் கழற்றியபோது, பெரியவர் அதைப் புரட்டி, மஞ்சள் நிற அடியை நகத்தால் அழுத்திப் பார்த்தார். “ஐயா, இது நம்ம பாலுங்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை இன்று மீண்டும் எழுப்புகிறேன். கனவான்களின் சப்பாத்தைப் புதிதாய்ப் படைக்கிறோம் என்று மேனாட்டு வடிவமைப்பாளர்கள் முழங்குகிறார்கள். 2012இல் கோல் ஹான் நிறுவனம், துளை வேலைப்பாடமைந்த பழைய பாணித் தோல் சப்பாத்துக்கு ஓட்டச் சப்பாத்தின் நுரை அடியைப் பொருத்தியது. காளான் இழையால் ஆன ‘மைலோ’ பெரும் ஆரவாரத்தோடு வந்தது. 2023இல் அதன் உற்பத்தி நின்றது. புதுமையை நான் பழிக்கவில்லை. அதன் மறதியையே பழிக்கிறேன்.

ஏனெனில் இத்தகைய புரட்சி முன்பே நடந்துவிட்டது. கெய்ரோ கடைத்தெருவில் தைத்த படையதிகாரிகளின் காலணியைப் பின்பற்றி, நேதன் கிளார்க் உருவாக்கிய ‘டெசேர்ட் பூட்’ 1950இல் சந்தைக்கு வந்தது. அதன் அடி கிறேப் இறப்பர். சோல் கிறேப்புக்குப் பெயர்பெற்ற நாடு இலங்கை. பாலை வெளுத்து, அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் மெல்லிய ஏடாக்கி, உலர்த்தி, ஏட்டின்மேல் ஏடாக அடுக்கி அழுத்துவார்கள். கந்தகம் சேர்த்து வேகவைப்பதில்லை.

“கிறேப் வெப்பத்தில் இளகும், அழுக்கை ஈர்க்கும், எண்ணெய் பட்டால் ஊதும்” என்பார்கள். உண்மைதான். அக்குறையைத் தீர்க்கும் சோதனை ஏன் நம் மண்ணில் நடக்கக்கூடாது? அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறதே! மூலப்பொருளை அனுப்பிவிட்டு, முடிந்த சப்பாத்தைக் கண்ணாடிப் பேழையில் பார்த்து வியப்பதுதான் நம் விதியா?

இன்னொன்று கேட்கிறேன். ஊவாத் தேயிலை உலகெங்கும் ஊவா என்ற பெயரோடு விற்கப்படுகிறது. ஊவாவின் பாலுக்கு மட்டும் ஏன் பெயரில்லை? இறப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்பதைப் புவி ஆயங்களோடு காட்டவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. நடைமுறையோ மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. மரம் நிற்கும் இடத்தை வானிலிருந்து அறியலாம். மரத்தடியில் நிற்பவர் காலில் என்ன இருக்கிறது என்று எந்தச் செயற்கைக்கோள் சொல்லும்?

கொக்கிப்புழு வெறும் பாதத்தின் வழியே உடலில் ஏறும் என்பது, 1916இல் இலங்கைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அமைப்பின் ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோதே தெரிந்த செய்தி. நூறாண்டு கடந்தும், நான் கண்ட அந்தக் கால்கள் வெறுங்கால்களே.

ஆகவே வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சவால். கனவான் சப்பாத்து போதும். பனியில் நனைந்த சரிவில் வழுக்காத, பாம்புக்கடி தாங்கும், பால் வெட்டுபவர் தம் கூலியில் வாங்கக்கூடிய ஒரு காலணியை முதலில் செய்யுங்கள். அதன் அடியில் மொனராகலை என்று பொறியுங்கள். பெரியவரின் கேள்விக்கு அதுவே மறுமொழி.