கைதட்டி எடுத்த படம்

மன்னார் மாவட்டத்து நெல்வயல்களை வாழவைக்கும் கட்டுக்கரைக் குளம் 1954 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வட ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து இங்கு மாரிகாலத்தைக் கழிக்கின்றன.

அண்மையில் ஒரு பகல் முழுவதும் குளக்கட்டிற் கமராவுடன் இருந்தேன். மீனவரின் தோணி அணுகியபோது வாத்துகள் சற்று விலகி நீந்தினவேயன்றி எழவில்லை. பிற்பகலில் வந்த சில இளைஞர் கைதட்டிக் கூச்சலிட்டனர். வானம் நிறைந்த படம் அவர்களுக்குக் கிடைத்தது. குளத்தின் அப்பகுதி மாலைவரை வெறுமையாகவே கிடந்தது.

இதனை விளையாட்டென்று விட்டுவிட முடியாது. இவ்வாத்துகள் பெரும்பாலும் பகலில் ஓய்ந்து இரவில் மேய்பவை. அவ்வாறு சேர்க்கும் கொழுப்பே பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புவதற்கான வழிச்சோறு. வெருண்டு எழும் ஒவ்வொரு தடவையும் அதிலொரு பங்கு வீணாகிறது.

சரணாலயப் பெயர்ப்பலகை கைதட்டலைத் தடுக்காது. படம் பார்க்கும் நம்மால் முடியும். கலைத்து எழுப்பிய கூட்டத்தின் படத்தைப் பாராட்டாது விடுவோம். பறக்கும் படந்தான் வேண்டுமெனில் அந்திவரை காத்திருங்கள். இரைதேடி அவை தாமாகவே எழும்.