வாய்மொழிக் கணக்கு

"எம்பாப்பே நன்றி கெட்டவன்" என்கிறான் என் பேரன். பாரிஸ் சேன் ஜெர்மேன் ரசிகன் அவன். எழுத்தராகவே காலம் தள்ளிய எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டிக்கும் உரிமை எம்பாப்பேயிடம்தான் இருந்தது. வேண்டாமென்று 2023 ஜூனில் கடிதம் போனது. உடனே கிளப் அவரை ஜப்பான் பயணத்தில் சேர்க்கவில்லை. விற்கவேண்டிய ஆட்களோடு தனியே பயிற்சி செய்யச் சொன்னது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'லோஃப்ட்' என்பார்கள். நம் ஆபீஸ் பாஷையில், நாற்காலி உண்டு, ஃபைல் கிடையாது.

ஏறக்குறைய 180 மில்லியன் யூரோவுக்கு வாங்கிய ஆள் சும்மா போனால் வயிறு எரியும்தான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தவர் இலவசமாகப் போகலாம் என்பது 1995 போஸ்மான் தீர்ப்பு. 2024இல் முடிந்தது, ரியல் மாட்ரிட் போனார்.

கடைசி மாதங்களின் சம்பளமும் போனஸுமாக 55 மில்லியன் யூரோ பாக்கி. விட்டுக்கொடுப்பதாக அவரே ஒப்புக்கொண்டாராம், வாய்மொழியாக! எழுத்தில் இல்லாமல் ஒரு நாள் கேஷுவல் லீவைக்கூட நான் பதிந்ததில்லை ஐயா. கோடீஸ்வரனுக்கு என்ன குறை என்கிறான் பேரன். தொகை பெரிதானால் சட்டம் மாறுமா?

2025 டிசம்பரில் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் சுமார் 60 மில்லியன் கொடுக்கச் சொல்லிவிட்டது. பேரன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.