மீட்டரை நம்பலாமா?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் சிற்றூர் பியர்ஸ். 2013 செப்டம்பரில் அங்கே ஒரு பழைய ஷெவர்லே டீலரின் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ரே லாம்பிரெக்ட் என்ற அந்த டீலர் 1996-ல் கடையை மூடியவர். விற்காமல் தங்கிப்போன புது வண்டிகளைக்கூட அப்படியே போட்டு வைத்திருந்தார். மொத்தம் சுமார் 500 வண்டிகள். அவற்றில் 1958-ம் ஆண்டு கேமியோ பிக்கப் ஒன்று 1,40,000 டாலருக்குப் போனது. மீட்டர் காட்டிய தூரம் 1.3 மைல்.

அந்த விலையை மீட்டர் மட்டும் வாங்கித் தரவில்லை. வண்டி யார் கையில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து டீலரிடம் வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. இப்படிச் சாட்சி இல்லாத பழைய பிக்கப்களில்தான் வம்பு.

அக்கால வண்டிகளின் மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான் பொதுவான வழக்கம். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். 1,12,000 மைல் ஓடிய வண்டி 12,000 என்று அப்பாவியாகக் காட்டும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. மீட்டரைத் திருப்புவதற்கு எதிராக அமெரிக்கா 1972-லேயே சட்டம் போட்டது. ஆனாலும் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் பொய்க் கணக்கோடு விற்கப்படுவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு சொல்கிறது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது கையும் காலும் பட்ட இடங்களை. பிரேக் பெடல் ரப்பரின் வரிகள், டிரைவர் சீட்டின் ஓரம், கதவுக் கைப்பிடி. சீட் நைந்திருக்க, பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். சாமான் ஏற்றும் பின்பகுதியை மட்டும் அவசரப்பட்டு எடை போடக்கூடாது. பண்ணைக்குள்ளேயே மாடாக உழைத்த வண்டி மைல் குறைவாகவும் உடம்பெல்லாம் அடிபட்டும் இருக்கலாம்.

அடுத்தது தேதிகள். ஷெவர்லே என்ஜின் வார்ப்பில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், ஆண்டின் கடைசி இலக்கம் என்று பொறித்திருப்பார்கள். உதிரிப் பாகம் வண்டிக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். மார்ச்சில் தயாரான வண்டியில் ஜூனில் வார்த்த என்ஜின் இருந்தால் கதை கந்தல். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1958-ம் 1968-ம் ஒன்றுபோலத் தெரியும். எனவே வார்ப்பு எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

பெயின்ட்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவி உண்டு. மறு பெயின்ட் அடித்த இடத்திலும் பட்டி பார்த்த இடத்திலும் எண் எகிறும். காந்தமும் உதவும், ஆனால் எந்த வண்டி என்று தெரிந்திருக்க வேண்டும். கேமியோவின் பின்பகுதி வெளித்தகடுகள் ஃபைபர் கிளாஸ். காந்தம் ஒட்டவில்லை என்று கூச்சல் போட்டால் அசடு வழிய நேரும்.

ஒரிஜினல் என்றால் பளபளப்பு என்று அர்த்தமல்ல. பாட்டரியும் டயரும் பெல்ட்டும் காலத்தோடு போகக்கூடியவை. மாற்றியதை மறைக்காமல் சொன்னால் குற்றமில்லை. நல்ல விலை கிடைக்கட்டும் என்று புது பெயின்ட் அடிப்பதுதான் பெரிய நஷ்டம். திருடன் அழிக்க நினைக்கும் தடயங்களை நேர்மையான சொந்தக்காரரே செலவு செய்து அழித்துவிடுகிறார். புதுப்பித்த வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். கம்பெனி பெயின்ட் ஒரு முறைதான். பியர்ஸ் ஏலத்துக்குப் பல வண்டிகள் தூசியோடுதான் வந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே ஏலத்தில் வேறொரு பாடமும் இருந்தது. திறந்த வெளியில் பல பத்தாண்டுகள் நின்ற வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. எவ்வளவு ஓடியது என்று மீட்டர் சொல்லும். எப்படி நின்றது என்று சொல்லாது. வாங்குபவர் பழைய ரசீதுகளையும் சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படித்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக மீட்டரைப் பார்ப்பது நல்லது.